வால்வில் ஒரு சிறு கட்டி



ஹேவாஹெட்ட, தலாத்துஓயா பக்கத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "ஈசீஜீயும் எடுத்தாச்சு, எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு. பிறகு எக்கோ எதற்கு?"

காரணம் இருக்கிறது. இதய வால்வில் அபூர்வமாகச் சிறு கட்டி வளர்வதுண்டு. பெரும்பாலும் அது புற்றுநோய் அல்ல. ஒரு சென்டிமீற்றர் அளவுதான் இருக்கும். மெல்லிய காம்பில் தொங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். வெட்டியெடுத்துத் தண்ணீரில் போட்டால் பூப்போல விரியுமாம்! பலருக்கு நோவே இராது. ஆனால் அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பாரிசவாதம். வயது குறைந்தவருக்குப் பாரிசவாதம் வந்தால் டொக்டர்மார் இதயத்தையும் பார்ப்பது இதனால்தான்.

எக்ஸ்ரேயில் இந்தக் கட்டி தெரியாது. எக்கோ, வால்வு ஆடுவதையே ஒலியலையால் காட்டும். கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளும் செய்யலாம். 1953இல் சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும் முதன்முதல் இதைச் செய்தது, உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியால்.

மார்பில் வைத்துப் பார்த்துத் தெளிவில்லாவிட்டால் தொண்டை வழியாகக் குழாய் விடுவார்கள். பயந்து மறுக்காதீர்கள். உணவுக்குழாய் இதயத்தை ஒட்டியே போவதால் அங்கிருந்து மிகச் சிறியதும் தெரியும். தொண்டையை மரக்கச் செய்துதான் விடுவார்கள்.

வால்வில் தெரிவதெல்லாம் கட்டியுமல்ல. கிருமி படிந்தாலும் அப்படித் தோன்றும். ஆகவே காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழாய் விடும் நாளில், சொன்ன நேரத்திலிருந்து பிளேன்ரீகூடக் கூடாது. மரப்பு விடும்வரை பிறகும் குடிக்கக் கூடாது. பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.