கலர் படம் எதுக்கு?

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பாருங்க. மோல்ட்ஃப்ளோவில் எடுத்த ஃபில் டைம் படம் நீலம், பச்சை, சிவப்புன்னு பளபளக்கும். அதைப் பார்த்து கேட்டை எங்கே நகர்த்தினீங்கன்னு கேட்டால் பதில் வராது. டிசைன் முடிந்தபிறகு ஒட்டிய படம் அது.

1978-இல் மெல்போர்னில் காலின் ஆஸ்டின் தொடங்கிய இந்த சாஃப்ட்வேரின் வேலையே ஸ்டீலை வெட்டுவதற்கு முன்னால்தான். ஒரு ஸ்க்ரூ பாஸை எடுத்துக்கோங்க. உருகிய பிளாஸ்டிக் கோர் பின்னைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் சேரும். அந்தக் கோடுதான் வெல்டு லைன். ஆறிப்போய்ச் சேர்ந்தால், ஸ்க்ரூவை டைட் பண்ணும்போது அங்கேதான் விரிசல் விடும். கிளாஸ் ஃபைபர் கலந்த நைலான் என்றால் இன்னும் மோசம். ஃபைபர் அந்தக் கோட்டைத் தாண்டிப் பெரிதாகப் போகாது. கேட்டை நகர்த்தினால் கோடு விழும் பக்கமும் சேரும் சூடும் மாறும். ஸ்கிரீனில் இதற்கு ஒரு ராத்திரி போதும். ஸ்டீலில் தப்பாக வெட்டிவிட்டால் வெல்டிங் வைத்து அடைத்து, திரும்ப வெட்டணும். (அந்த பில்லை யாரும் ரிப்போர்ட்டில் ஒட்ட மாட்டாங்க.)

மெட்டீரியல் லிஸ்ட்டில் முதலில் வரும் கிரேடை க்ளிக் பண்ணுவதும் வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் பொதுவாக 1 முதல் 2 சதவீதம் சுருங்கும், ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 வரைதான்.

ரிவ்யூ எடுக்கும் சார், மேடம்களிடம் ஒரே வேண்டுகோள்: கலர் படத்துக்கு மார்க் போடுமுன் ஷார்ட் ஷாட் கேளுங்கள். மெஷினில் கால், பாதி, முக்கால் என நிரப்பி எடுத்த பீஸ்களை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.