ஸ்பீக்கர் வயருக்கு 42,000 ரூபாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில பழைய செட் வச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ.

எங்கட ஒழுங்கையில ஒரு ஐயா இருக்கிறார். எண்பதுகளில சவூதியில வேலை செய்தவர். அந்தக் காலத்தில கடிதத்தோட கசெட்டும் போய்வரும். அவற்ற மனிசி பேசிப் பதிஞ்சு அனுப்பின ரெண்டு கசெட் இன்னும் இருக்கு. 95 இடப்பெயர்வில வீட்டுச் சாமானெல்லாம் விட்டிட்டு வெளிக்கிடேக்க, அதை மட்டும் பையில போட்டுக்கொண்டு போனவராம். மனிசி இப்ப இல்லை.

போன மாதம் செட்டைத் துடைச்சுத் திரும்பப் பூட்டின நாளிலயிருந்து அந்தக் குரல் கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குதெண்டு கவலைப்பட்டார். கடையில விசாரிச்சிருக்கிறார். "வயர் பழசு, ஒட்சிசன் இல்லாத செம்பு வயர் போடுங்கோ" எண்டு ஒரு சோடியைக் கையில குடுத்து, பிடிச்சால் காசைத் தாங்கோ எண்டு விட்டிருக்கினம். 42,000 ரூபா. ஐயாவுக்குப் பென்சன் இல்லை, மகள் அனுப்புற காசுதான்.

நான் போய்ப் பார்த்தன். வலது பொக்ஸில சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிக் கிடந்தது. அவ்வளவுதான் விசயம். அப்பிடி மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுக்கும். ஒரே மைக்கில பதிஞ்ச குரல் ரெண்டு பொக்ஸிலயும் ஒரே மாதிரி வாறது. அதால ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும். கனமான சத்தம்தான் முதல்ல போகும், குரலும் நடுவில நிக்காது. திருப்பிப் பூட்டினன். ஐயா ஒண்டும் கதைக்கேல்ல. கசெட்டை முதல்லயிருந்து போடச் சொன்னார்.

பிறகு எனக்கு வாத்தியார் புத்தி வந்திட்டுது. கடை வயரையும் சும்மா விடாமல் சோதிச்சுப் பார்த்தம். ஐயா சுவரைப் பார்த்து இருந்தார். பேரன் காசு சுண்டி, தலை விழுந்தால் பழைய வயர், பூ விழுந்தால் புது வயர் எண்டு மாத்தினான். ஒவ்வொரு முறையும் வயரைக் கழட்டித்தான் பூட்டினது, சத்தம் கூட்டிக் குறைக்கேல்ல. பத்துத் தரம். ஐயா ஆறு சரி சொன்னார். பேரனுக்குச் சந்தோசம், "பாத்தீங்களோ சேர்!" எண்டான். தம்பி, பத்துத் தரம் கண்ணை மூடிக்கொண்டு வாயில வந்ததைச் சொன்னாலும் ஆறோ அதுக்கு மேலயோ சரிவாற சந்தர்ப்பம் நூற்றுக்கு 38. நிகழ்தகவு பாடத்தில படிச்சதுதானே, கணக்குப் போட்டுப் பாக்கட்டும்.

அமெரிக்காவில 2007 இல ஜேம்ஸ் ராண்டி எண்ட மந்திர வித்தைக்காரர், 7,250 டொலர் ஸ்பீக்கர் வயரை அதைவிட மலிவான வயரிலயிருந்து பாக்காமல் பிரிச்சுச் சொல்லுற ஆளுக்குப் பத்து லட்சம் டொலர் தாறன் எண்டார். கன வாக்குவாதம் நடந்தது. சோதனை மட்டும் நடக்கேல்ல.

சைக்கிள் டைனமோ சுத்தித் தமிழோசை கேட்ட ஊருக்கு வயர் பற்றி வகுப்பெடுக்க எனக்கும் வெக்கம்தான் (நாங்கள் அப்ப புத்தளத்தில). எண்டாலும் கணக்கைச் சொல்லிவிடுறன். வீட்டு வயறிங்குக்குப் பாவிக்கிற 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில, ஐஞ்சு மீற்றர் போய் ஐஞ்சு மீற்றர் வந்தால் தடை ஏறக்குறைய 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றுக்கு ஒண்டு கூட இல்லை. ஒட்சிசன் இல்லாத செம்பு எண்டாலும் சாதாரண செம்பு வயரைவிட ஒரு வீதமளவில்தான் கூடக் கடத்தும். அந்த 0.07 இல ஒரு வீதம் எவ்வளவெண்டு பாருங்கோ.

வயரே முக்கியமில்லை எண்டு நான் சொல்லேல்ல. நூல் மாதிரி அரை மில்லிமீற்றர் வயரை மண்டபத்தில முப்பது மீற்றர் இழுத்தால் ரெண்டு ஓம் சேரும், ஸ்பீக்கருக்குப் போற சக்தியில மூண்டில ஒரு பங்குக்கு மேல போயிடும். கோயில் திருவிழாவிலயும் பள்ளிவாசலிலயும் தூரத்தில ஹோர்ன் கட்டேக்க ட்ரான்ஸ்போமர் வச்சு 100 வோல்ற்றில அனுப்புறது இதாலதான். பச்சை பிடிச்ச முனை, ஆடுற பிளக், உக்கின ஸ்பீக்கர் விளிம்பு, இதுகளும் சத்தத்தைக் கெடுக்கும். முனையை வெட்டிச் சுரண்ட ஒரு சதமும் தேவையில்லை. பொக்ஸை மூலையிலயிருந்து ரெண்டடி இழுத்து வச்சால் வாற வித்தியாசம் எந்த வயரிலயும் வராது.

இப்ப பவர் கேபிளும் விக்கினமாம். நுரைச்சோலையில பிறக்கிற கரண்ட் எத்தனையோ நூறு கிலோமீற்றர் கம்பியில வந்து, கிளிநொச்சி தாண்டி 132 கிலோவோல்ற்றில எங்கட சுன்னாகத்துக்கு வந்து, ரோட்டுக் கம்பியில காகத்துக்குக் கீழால வீட்டுக்குள்ள வருது. கடைசி ஒண்டரை மீற்றரில அதைச் சுத்திகரிக்க 20,000 ரூபாயாம்!

கடை வயரை ஐயா அடுத்த நாளே திருப்பிக் குடுத்திட்டார். ஆருக்காவது செட் கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருந்தால் முதல்ல சிவப்பு, கறுப்பைப் பாருங்கோ. விளங்காட்டி ஞாயிறு அஸருக்குப் பிறகு நான் வீட்டிலதான் நிப்பன், ஸ்க்ரூட்ரைவரோட வாறன். தேத்தண்ணி போதும்.