மட்டாஞ்சேரியின் பாடம்: ஆட்சிக்கு வந்ததும் மறப்பது ஏன்?

புது தில்லி: போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியானால் முதல்வர் பதவி விலக வேண்டும் என எதிர்க்கட்சிகள் முழங்குவதும், அதே கட்சிகள் ஆட்சிக்கு வந்தபின் "சட்டம்-ஒழுங்கைக் காக்க வேறு வழியில்லை" என்பதும் பழகிப்போன காட்சி. பட்ட துன்பத்திலிருந்து தலைவர்கள் பாடம் கற்கிறார்களா என்ற கேள்விக்குக் கேரளத்தின் பழைய வரலாறு விடை தருகிறது.

அது தொடங்குவது மட்டாஞ்சேரியில். பக்கத்திலிருந்த போர்ட் கொச்சி அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது. மட்டாஞ்சேரியோ திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு "சாப்பா" எனும் உலோக வில்லை வேண்டும். கூட்டத்தில் வீசப்படும் வில்லையை முட்டி மோதிப் பிடித்தவருக்கே அன்றைய கூலி.

இம்முறையை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15-ல் போலீஸார் சுட்டனர். போலீஸ் நடவடிக்கையில் மூவர் உயிரிழந்தனர். அப்போது காங்கிரஸின் ஏ.ஜே. ஜான் முதல்வர்.

அடுத்த ஆண்டு பிரஜா சோஷலிஸ்ட் தலைவர் பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரானார். மட்டாஞ்சேரிச் சம்பவத்துக்கு ஓராண்டு நிறையுமுன், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் தமிழகத்துடன் இணைப்புக் கோரிய தமிழர்கள் மீது குண்டுகள் பாய்ந்தன. அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று கோரினார் ராம் மனோகர் லோகியா. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் கட்சியின் பொதுச் செயலர். கட்சி இணங்கவில்லை, பின்னர் அவரே கட்சியைவிட்டு வெளியேற நேர்ந்தது.

1957-ல் கம்யூனிஸ்டுகளின் முறை. தொழில் தகராறுகளில் முதலாளிகளுக்காகப் போலீஸ் தலையிடாது என முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அறிவித்தார். அடி வாங்கிய அனுபவத்தில் பிறந்த கொள்கை அது. ஆயினும் 1958-ல் சந்தனத்தோப்பில் இரு தொழிலாளர்களும், 1959-ல் அங்கமாலியில் ஏழு பேரும் சுடப்பட்டு மாண்டனர்.

ஆறு ஆண்டுகள், மூன்று கட்சிகள். துப்பாக்கி மட்டும் மாறவில்லை. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தலைவர் கேட்பது பாதிக்கப்பட்டவரின் குரல். முதல்வர் நாற்காலியில் அமர்ந்தபின் முதலில் மேஜைக்கு வருவது போலீஸ் அறிக்கை. கொள்கை மாறினாலும் இந்த வரிசை மாறாததே சறுக்கலுக்குக் காரணம் எனலாம்.

2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது தமிழகத்துக்கும் இதே கேள்வியை விட்டுச் சென்றது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022-ல் சட்டப்பேரவையில் தாக்கலானபோது ஆட்சி மாறியிருந்தது. முந்தைய ஆட்சியின் தவறைச் சுட்டுவது எளிது. தன் ஆட்சியில் குண்டு பாயும்போது லோகியாவைப் போல் பேச முன்வருபவரே, பட்ட காயத்திலிருந்து பாடம் கற்ற தலைவர்.