சந்தேகம் யாரோடும் நிற்காது

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கல்லூரிப் போட்டிகளுக்கு இறங்கிப்போகும் எங்கள் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். சுமை தூக்கி உரமேறிய தோள்கள், கட்டைக் குரல், ஒட்ட வெட்டிய முடி. "திருநங்கைகளைத்தானே தடுக்கிறோம், உங்களுக்கென்ன?" என்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் திருநங்கை அல்ல. செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், பெண்ணாகவே வளர்ந்தவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை நடத்திப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடல் ஊர்ப்பேச்சானது.

2023இல் ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கைகளுக்கு உலகத் தடகள அமைப்பு கதவைச் சாத்தியது. 2025இல், உலகச் சாம்பியன்ஷிப்பின் பெண்கள் பிரிவில் ஓட எல்லாப் பெண்களுக்கும் மரபணுப் பரிசோதனை கட்டாயம் என்றது. இடையில் இரண்டே ஆண்டுகள். ஆண்கள் பிரிவில் ஓடுகிறவனிடம் "நீ ஆண்தானா?" என்று எவரும் கேட்பதில்லை.

நியாயமான போட்டி வேண்டும் என்கிறீர்கள். எங்களுக்கும் வேண்டும். ஒருத்திக்கு செயற்கை ஓடுதளமும் பயிற்சியாளரும் முட்டையும் பாலும். இன்னொருத்திக்கு வெறுங்காலும் மேட்டுக்காடும். இந்த ஏற்றத்தாழ்வை அளக்க மட்டும் ஏன் ஒரு சோதனையும் இல்லை?

கல்லூரி மைதானத்தில் எந்த மாணவியையும் சந்தேகத்தின் பேரில் பரிசோதனை அறைக்கு அனுப்பாதீர்கள். திருநங்கை மாணவியையும் ஓட விடுங்கள். அவளைத் துரத்துகிற கை அடுத்து நம் ஆடையைத்தான் பிடிக்கும்.