சொல்லாமல் வந்த கோப்புறை

2025 ஏப்ரல் 8 அன்று வெளியான விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், பலரது கணினியின் சி டிரைவில் ‘ஐநெட்பப்’ என்னும் வெற்றுக் கோப்புறை தோன்றியது. இணையச் சேவையக மென்பொருளுக்குரிய அப்பெயர், அதனை நிறுவாதோர் கணினியிலும் காணப்பட்டது. ஐயுற்றோர் பலர் அழித்தனர். அதன் பின்னரே மைக்ரோசாஃப்ட், அது பாதுகாப்புக் குறைபாடொன்றை அடைக்கும் திருத்தத்தின் பகுதி என்றும் அழிக்கலாகாது என்றும் அறிவித்தது.

அழித்தோரைக் குறைகூற இயலுமா? அறியாத கோப்பை நம்பாதீர் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டது. அவ்விழிப்பே இங்குக் காப்பைக் குலைத்தது. என் ஐந்தாண்டு ஆய்வும் இத்தகைய கணினியொன்றில்தான் உறைகிறது. வீட்டுப் பூட்டை மாற்றுபவர் வீட்டாரிடம் சொல்லிவிட்டே மாற்றுகிறார். புதுப்பிப்பும் தான் விட்டுச்செல்வது எது, எதற்காக என்பதை அன்றே, பயனரின் மொழியிலேயே கூற வேண்டும். அதற்கு இரண்டு வரிகள் போதும்.