மச்சத்தைச் சுட்டுப்போட்டு யாரிட்டக் கேக்கிறது?

எங்கட பக்கம் மச்சம் எண்டா மூன்று கதை. ஒன்று சோத்தோட வைக்கிறது, அதை விடுவம். இரண்டாவது அம்மம்மாமார் சொல்லும் பலன்: காலில இருந்தா வெளிநாடு போவாய். மூன்றாவது, பியூட்டி பார்லரில் சுட்டு எடுப்பது. வீட்டில சுண்ணாம்பு வைக்கிறாக்களும் இருக்கினம். இந்த மூன்றாவதோடுதான் எங்களுக்குச் சண்டை.

அழகு பாக்கிறது பிழை எண்டு சொல்ல வரேல்ல. எரித்த பிறகு அது என்ன மச்சம் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. எரிக்காமல் வைத்துப் பார்த்தாலே லேசில்லை. 1948இல் நியூயோர்க்கில் சோஃபி ஸ்பிட்ஸ் என்ற நோயியல் மருத்துவர் 13 பிள்ளைகளின் தோல் கட்டிகளை மெலனோமா, அதாவது தோலின் நிறக் கலங்களில் வரும் புற்றுநோய், என்றே எழுதினார். நுணுக்குக்காட்டியில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் இறந்தது ஒரு பிள்ளை மட்டும். அப்படியானவை பெரும்பாலும் தீங்கற்றவை என்று பிறகு விளங்கியது. அந்த வகை மச்சத்துக்கு இன்று அவருடைய பெயர்தான். இதன் மறுபக்கம்தான் பயம். தீங்கற்ற மச்சம் மாதிரியே வேஷம் போடும் அரிய மெலனோமாக்களும் இருக்கின்றன.

மரபணுவைப் பார்த்தால் தெரியாதோ? கலைப்பீடத்தார் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் மெலனோமாவில் அடிக்கடி காணும் பிராஃப் மரபணு விகாரம் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இருப்பது 2003இல் தெரியவந்தது. அந்தக் கலங்கள் கொஞ்சக் காலம் பெருகி, பிறகு நின்றுவிடுகின்றன. டேர்ட் போன்ற வேறு மரபணுக்களிலும் மாற்றம் சேரும்போதுதான் அந்தத் தடை உடைகிறது. ஆகவே ஒரு விகாரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத ஏலாது. பலதையும் சேர்த்துப் பார்க்கவேணும். அதுக்கு முதல்ல வெட்டியெடுத்த துண்டு கையில இருக்கவேணும்.

இது வெள்ளைக்காரரின் வருத்தம் என்பது பாதி உண்மை. கறுத்தத் தோலுக்குக் குறைவு. வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கடியில் வரும். பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கடியில்தான் வந்தது. பந்தடித்த காயம் என்று நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் போய்ச் சேர்ந்தார். இந்த வகையில் பிராஃப் விகாரம் குறைவு, சிலரில் கிட் மரபணு மாறியிருக்கும். அதனால் பிராஃபுக்கென்று வந்த மருந்துகள் இவர்களில் பலருக்கு உதவாது.

புதுசா வளருற, நிறம் மாறுற மச்சத்தை, அகலமாகிற நகக் கோட்டை டொக்டரிட்டக் காட்டுங்கோ. வெட்டினால் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவீங்களோ எண்டு கேளுங்கோ. பார்லர் அக்காமார் எங்களோட கோவிப்பினம். கோவிக்கட்டும்.