மலைப் பிள்ளைகளுக்கு வெற்றிக் கதை மட்டும் போதாது

மார்ச் கடைசியில் மூடும் கேரளப் பள்ளிகள் ஜூன் பிறந்த பிறகுதான் திறக்கும். இடையில் வரும் இரண்டு மாதங்களில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டால், வறுமையை வென்று உயர்ந்தவர்களின் வரலாறுகளைத்தான் பலரும் சொல்வார்கள். தெருவிளக்கில் படித்தார், பத்திரிகை போட்டார், பெரிய மனிதரானார் என்று போகும் கதைகள் அவை. கொடுப்பவர்களின் எண்ணம் நல்லதே. ஆனால் இடுக்கி மாவட்டத்தின் காந்தலூர், மறையூர், வட்டவடைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவற்றை மட்டும் கொடுத்தால் போதாது. சிலரை அது சோர்ந்துபோகவும் செய்யும். கஷ்டத்தை ஒரே பக்கத்தில் முடித்துவிட்டு வெற்றியை முப்பது பக்கத்துக்கு நீட்டும் புத்தகம், இன்னும் அந்தக் கஷ்டத்துக்குள்ளேயே இருக்கும் பிள்ளைக்கு எந்த வழியும் காட்டுவதில்லை. உனக்கு முடியவில்லையா, உன் முயற்சிதான் போதவில்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

வெற்றியை மட்டும் சொல்லும் கதைக்கும் போராட்டத்தையும் சொல்லும் கதைக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஷியாடோங் லின்-சீக்லர் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. நியூயார்க்கின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் 9, 10ஆம் வகுப்பு படித்த 402 பேருக்கு ஐன்ஸ்டீன், மேரி கியூரி, ஃபாரடே பற்றிய கதைகள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினர் சாதனைகளை மட்டும் படித்தார்கள். மற்றவர்கள் அதே விஞ்ஞானிகள் ஆராய்ச்சியில் தோற்றதையும் வாழ்க்கையில் அடிபட்டதையும் படித்தார்கள். போராட்டத்தைப் படித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது. பின்தங்கியிருந்தவர்களுக்குக் கூடுதல் பலன். சாதனையை மட்டும் படித்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. அவர்கள் நம் பிள்ளைகளைவிடச் சற்றே மூத்தவர்கள், ஊரும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் விழுந்ததையும் எழுந்ததையும் விவரமாகச் சொல்லும் கதைக்குத் தனி வலு உண்டு என்பதை அது காட்டுகிறது.

அப்படிப்பட்ட புத்தகம் தமிழில் இல்லாமல் இல்லை. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' காந்தலூருக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். கிர்கிஸ் மலைக் கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாகப் படித்த தூய்ஷன் ஒரு பழைய குதிரைக் கொட்டிலைச் சுத்தம் செய்து பள்ளியாக்குகிறார். ஊர் சிரிக்கிறது. குளிரில் உறையும் ஓடையைக் கடக்கப் பிள்ளைகளைத் தூக்கிச் செல்கிறார். தாய் தகப்பன் இல்லாத அல்தினாயை உறவினர்கள் ஒருவனுக்கு விற்றுவிட, அவளை மீட்டுப் படிக்க அனுப்புகிறார். அவள் பெரிய கல்விமானாகிறாள்; தூய்ஷன் முதுமையில் தபால்காரர், ஊர் அவரை மறந்துவிட்டது. யார் தடுத்தார்கள், யார் கைகொடுத்தார்கள், கைகொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு முழுதாக அந்தக் கதையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் மன உறுதி மட்டும் அவளைக் கரையேற்றவில்லை. பன்னிரண்டு வயதுக்கு இது புரியும், புரிய வேண்டிய வயதும் அதுதான்.

ஏற்கெனவே கஷ்டத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்குக் கதையிலும் கஷ்டமா, மாயக் கதை கொடுத்துச் சிரிக்க விடுங்கள் என்பார்கள். மாயக் கதையும் வேண்டும், தாராளமாக. ஆனால் ஏழைக்குக் கனமான எழுத்து ஏறாது என்ற எண்ணத்தை ஏற்க முடியாது. இடுக்கிக் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடியில் சின்னத்தம்பி என்ற பெரியவர் தன் டீக்கடையில் நடத்திய நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்தக் காட்டுக்குள் இருந்த 160 புத்தகங்களில் பஷீரும் எம். டி. வாசுதேவன் நாயரும் கமலா தாஸும் உண்டு. அங்கே வாழும் முதுவான் பழங்குடி மக்கள் அவற்றை எடுத்துப் படித்தார்கள்.

வேலைக்கும் மேல்படிப்புக்கும் மலையாளமும் ஆங்கிலமும்தானே உதவும், தமிழில் படித்து என்ன பயன் என்ற கேள்வியும் வரும். அந்த மொழிகள் அவசியமே. ஆனால் வாசிப்பின் மேல் ஆசை பிறக்க, வீட்டில் புழங்கும் மொழிதான் எளிய வழி. ஒரு மொழியில் சரளமாக வாசிக்கப் பழகிய பிள்ளை அடுத்ததற்குத் தயங்காது. மறையூரின் முதுவான் கவிஞர் அசோகன் தன் தாய்மொழியிலும் மலையாளத்திலும் எழுதுகிறார். இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்க முடியும்.

படிக்க வேண்டிய புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டால் லீவும் வீட்டுப்பாடமாகிவிடும் என்ற அச்சம்தான் நியாயமானது. ஃபுளோரிடாவில் ஆலிங்டன், மெக்கில்-ஃபிரான்சன் என்ற ஆய்வாளர்கள் ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடைதோறும் 12 புத்தகங்கள் வீதம் மூன்று ஆண்டுகள் கொடுத்து, வாசிப்புத் திறன் கூடியதைக் கண்டார்கள். அந்தப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளைகளே. ஆகவே பெரியவர்கள் நல்ல புத்தகங்களை அலமாரியில் நிரப்பிவிட்டு ஒதுங்க வேண்டும். சுருக்கம் எழுது, நீதி என்ன சொல் என்று கேட்கக் கூடாது.

காந்தலூருக்கு 2023இல் சிறந்த சுற்றுலா கிராமத்துக்கான மத்திய அரசின் தங்க விருது கிடைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு இவ்வளவு செய்த ஊரால் தன் பிள்ளைகளுக்கு ஓர் அலமாரி வைக்க முடியும். பக்கத்து வட்டவடையில், 2018இல் எர்ணாகுளத்தில் கொல்லப்பட்ட மாணவர் அபிமன்யுவின் நினைவு நூலகம், பல ஊர் மக்கள் கொடுத்த புத்தகங்களால் உருவானதுதான். பஞ்சாயத்தும் ஆசிரியர்களும் பிப்ரவரியிலேயே புத்தகம் சேர்க்கத் தொடங்கட்டும். கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் தானே தேர்ந்தெடுத்த மூன்று தமிழ்ப் புத்தகங்களோடு போகட்டும்.